காண்பதற்கா, காட்சிக்கா?

ஒரு கருவி எந்தப் பணிக்காகச் செய்யப்பட்டதோ, அந்தப் பணி முடிந்த பின்னும் அதனைப் போற்றிக் காப்பது தகுமா? பழைய நுண்ணோக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்களை நினைக்கும்போது இக்கேள்வி கூர்மை பெறுகிறது. கண்ணுக்கு எட்டாததைக் காண்பதற்கென்றே பிறந்த கருவி நுண்ணோக்கி. சேகரிப்பவரின் கண்ணாடிப் பேழைக்குள் அது நுழைந்துவிட்டால், அதன் வழியாக எவரும் எதையும் காண்பதில்லை; அதனையே எல்லாரும் காண்கின்றனர். இது அக்கருவிக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அழகியதோர் அடக்கமா?

விடை தேட, ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகருக்குச் செல்வோம். அங்குத் துணி வணிகம் செய்தவர் அந்தோனி வான் லீவன்ஹூக் (1632–1723). அவர் செய்த நுண்ணோக்கி உள்ளங்கையில் அடங்கிவிடும். இரு சிறு உலோகத் தகடுகள், அவற்றின் நடுவே மணியளவான ஒரு கண்ணாடி வில்லை, காணவேண்டிய பொருளைத் தாங்க ஓர் ஊசிமுனை, அதனை நகர்த்தச் சில திருகுகள் — இவ்வளவே. இந்த எளிய கருவியைக் கண்ணருகே பிடித்துத்தான், 1670களில், நீர்த்துளிக்குள் நீந்தும் நுண்ணுயிர்களை அவர் கண்டார். கண்டவற்றை ஒளிக்கவில்லை, இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ஆனால் தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை மட்டும் எவருக்கும் சொல்லவில்லை. தேடி வந்த விருந்தினருக்குச் சில கருவிகளைக் காட்டுவார். மிகச் சிறந்தவற்றைத் தமக்கென வைத்துக்கொள்வார். அறிவைப் பகிர்ந்த கை, அறிவின் வழியை மூடிக்கொண்டது.

அவர் செய்தவை ஏறத்தாழ ஐந்நூறு. இன்று எஞ்சியிருப்பவையாக அறியப்படுபவை ஒரு டசன் அளவே. வெள்ளியாலான 26 நுண்ணோக்கிகளை அவர் ராயல் சொசைட்டிக்கு உயில்வழி அளித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹென்றி பேக்கர் என்பவர் அவற்றை ஆராய்ந்து எழுதியும் வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை காணாமற்போயின. வீட்டில் இருந்தவையோ, அவருடைய மகள் மரியா 1745-இல் இறந்தபின், 1747-இல் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறின. மறைத்த வித்தையும் அழிந்தது. மனமுவந்து கொடுத்த பொருளும் அழிந்தது. எனவே, ‘பூட்டி வைத்தல் தீது, கொடுத்தல் நன்று’ என்று இதனை எளிதாக முடித்துவிட இயலாது. கொடுப்பவரின் தாராளம் மட்டும் போதாது. பெறுபவரின் விழிப்பும் வேண்டும். பேழையைத் திறந்து எண்ணிப் பார்க்க ஒருவர் இல்லையென்றால், புகழ்பெற்ற சங்கத்தின் கூரைக்கு அடியிலும் ஒரு பொருள் அனாதையே.

இனி, எஞ்சியவற்றுள் ஒன்றன் கதை. ஊட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் லீவன்ஹூக்கின் நுண்ணோக்கி ஒன்று உள்ளது. ஒரு பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த வில்லை எவ்வாறு செய்யப்பட்டது? தகடுகளைப் பிரித்தால் விடை கிடைக்கலாம். ஆனால் கருவி சிதையும். ஆகவே எவரும் அதனைப் பிரிக்கவில்லை. இறுதியில் டெல்ஃப்ட் நகரின் ஆய்வு அணு உலையில் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, கருவியைத் தொட்டும் குலைக்காமல், உள்ளிருக்கும் வில்லையின் வடிவத்தைக் கண்டறிந்தனர். முடிவு 2021-இல் வெளிவந்தது. அவ்வில்லை தேய்த்துச் செய்யப்பட்டதன்று. கண்ணாடி இழையைச் சுடரில் உருக்கித் திரட்டிய சிறு மணி.

இங்கேதான் வியப்பு. அந்த முறையை இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக், 1665-இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையிலேயே ஊரறிய எழுதியிருந்தார். இந்த ஒரு வில்லையைப் பொறுத்தவரையிலேனும், உலகம் அச்சில் ஏற்றிவிட்ட ஒன்றையே ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் இரகசியமாகக் காத்திருக்கிறார்! நம்முடைய இரகசியங்களுள் எத்தனை இத்தகையவையோ?

சேகரிப்பவரின் பணிக்கு நியாயமும் இதிலேயே கிடைக்கிறது. அக்கருவியை முந்நூறு ஆண்டுகளாகக் கைமாற்றிக் காத்தவர்களுள் பலர் நியூட்ரான் என்னும் சொல்லையே கேட்டிராதவர்கள். இன்னும் எழாத கேள்விக்காக அவர்கள் அதனைக் காத்தனர். காத்தல் என்பதன் முழுப்பொருள் அதுவே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சேகரிப்பவர் தம்மை உரிமையாளராக அல்ல, காவலராகவே கருதவேண்டும். பழைய பித்தளையின் மங்கலைச் சகியாமல் பளபளக்கத் தேய்ப்பவர், அதன்மேல் பூசியிருந்த மெருகையும், செய்தவரின் கைத்தடத்தையும் சேர்த்தே அழிக்கிறார். குழாயில் பொறித்த பெயரை மட்டும் போற்றுபவரும் ஒன்றை மறக்கிறார்: அப்பெயர் பல வேளைகளில் விற்றவருடையது, வில்லையைத் தேய்த்துக் கண்கள் களைத்த தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை.

ஆகவே, பொருளைச் சேர்ப்பது குற்றமன்று. அதனைத் தன்னோடு முடிந்துவிடச் செய்வதே குற்றம். பேழைக்குச் சாவி இருக்கட்டும். ஆயின், கேட்டு வரும் மாணவனுக்கும் ஆய்வாளருக்கும் திறந்துகாட்ட ஒரு கையும், தனக்குப் பின் அதனைப் பேணுபவர் யார் என்ற தெளிவும் சாவியோடு இருக்கட்டும். நம் வீடுகளில் நுண்ணோக்கி இல்லாமலிருக்கலாம். தாத்தாவின் கைத்தொழிலும், பாட்டியின் மருந்துப் பக்குவமும், ஒருவர் மட்டுமே அறிந்த ஏதோ ஒரு திறமையும் இருக்கத்தானே செய்கின்றன? அவை நம்மோடு முடியவேண்டியவையா, நம் வழியாகச் செல்லவேண்டியவையா?