பொறுப்பு யாருடையது?

"இக்காலத்து இளைஞர் கெட்டுப்போயினர்" என்பது நம்மிடையே மலிந்துவிட்ட தீர்ப்பு. வாளேந்திய பதின்வயதினன் ஒருவன் பொலிசாரிடம் அகப்பட்டதும் அவனுடைய 'பிறவிக்குணம்' பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அவன் வளர்ந்த வீடு எத்தகையது என்று வினவுவோர் மிகச் சிலரே.

1998இல் அமெரிக்க மருத்துவர்களான பெலிற்றி, அண்டா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவை எண்களால் எழுப்பிற்று. சான் டியேகோ நகரில் 9,000க்கும் மேற்பட்ட வளர்ந்தோரை அவர்கள் விசாரித்தனர். அடியுதை, பாலியல் வன்முறை, தாய் தாக்கப்படுதல், வீட்டில் குடிவெறி முதலிய ஏழு வகை இன்னல்களுள் நான்கையேனும் சிறுபராயத்தில் அனுபவித்தோர்க்கு, எதையும் அனுபவியாதோரிலும் பார்க்க, மதுவடிமை, போதைப்பொருட் பாவனை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. விசாரிக்கப்பட்டோர் பெரும்பாலும் கல்வி கற்ற, மருத்துவக் காப்புறுதி பெற்ற நடுத்தர வர்க்கத்தினர். ஆகவே இது சேரிக்கு மட்டும் உரிய நோயன்று.

காரணம் விளங்காததுமன்று. அபாயத்தினிடையே வளரும் குழந்தையின் உடலும் உள்ளமும் ஓயாது விழித்திருக்கப் பழகுகின்றன. நாளை நிச்சயமற்றதாயின், இன்று கிடைப்பதைப் பற்றிக்கொள்வதே புத்தியாகத் தோன்றும். நாம் முரட்டுத்தனம் என்பது ஒருகால் அவனைக் காத்த கவசமாயிருத்தல் கூடும். 2009இல் முடிவுற்ற போரின் பதுங்குகுழிகளையும் முகாம்களையும் கண்ட மண்ணில் வாழும் நமக்கு இதனைப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"அதே குழியிலிருந்து நல்லவரும் வந்தனரே, சூழலைக் குறைகூறுவது சாக்கன்றோ?" என்பார் உளர். நியாயமான வினாவே. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்ணர் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தார். பெரும் இடர்களிடையே வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் திறமையும் அன்பும் உடையோராயினர். சுபாவமும் துணைநின்றது, எனினும் பாட்டியோ ஆசிரியரோ, நம்பத்தகுந்த ஒருவர் அவர்களுக்கு வாய்த்திருந்தார். தப்பியவனின் வரலாறும் சூழலின் வரலாறே.

இதனாற் குற்றம் குற்றமன்று என்றாகிவிடாது. வெட்டுண்டவனின் துயர் மெய்யானது. வெட்டியவன் பொறுப்பேற்கவே வேண்டும். ஆனால் பொறுப்பு அவனோடு முடிவதில்லை. குற்றப் பொறுப்பின் வயதெல்லையை இலங்கைச் சட்டம் 8இலிருந்து 12க்கு உயர்த்தியது 2018இல்தான். சட்டம் வயதை எண்ணும். வாழ்ந்த வாழ்வை எண்ணுவது சமுதாயத்தின் கடன்.

பாடசாலைகளில் உடற்றண்டனையை 2005ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் தடைசெய்தது. பிரம்பு இன்னும் மேசையிற் கிடக்குமாயின், வீட்டில் அஞ்சும் பிள்ளை அஞ்சவேண்டிய இரண்டாவது இடமாக வகுப்பறை ஆகிவிடும். வேலையின்மையும் நுண்கடனும் வீடுகளை வதைக்குமட்டும் அவை அமைதியுறா. அவற்றை ஒழிக்கும் போராட்டம் நெடியது. நாளைக் காலையின் முதலாம் பாடவேளையோ அதுவரை காத்திராது.