யாருக்காகப் பூட்டி வைக்கிறோம்?

கோலாலம்பூர் தேசிய கலைக்கூடத்திலிருந்து வெளியே வரும்போது நண்பன் கேட்டான். "சுவத்துல இருக்கறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஸ்டோர்ல பூட்டிக் கெடக்கு. அப்புறம் எப்படிலா இது மக்கள் சொத்து?"

1958இல் நன்கொடையாகக் கிடைத்த நான்கே ஓவியங்களோடு தொடங்கிய கூடம் அது. "நாலு படம் இருந்தப்ப ஸ்டோரே வேண்டியிருந்திருக்காது" என்று சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி என்னோடு வீடுவரை வந்துவிட்டது. உலகின் பெரும்பாலான பொதுக் கூடங்கள் தங்கள் சேகரிப்பில் ஒரு பகுதியைத்தான் காட்சிக்கு வைக்கின்றன. பார்க்க முடியாத ஒன்றை எப்படி நம்முடையது என்பது?

யோசித்தபோது லண்டன் நினைவுக்கு வந்தது. 1939இல் போர் மூளும் தறுவாயில் அங்குள்ள நேஷனல் கேலரி தன் ஓவியங்களை வேல்ஸுக்கு அனுப்பிவிட்டது. கனடாவுக்கு அனுப்பலாம் என்ற யோசனையைச் சர்ச்சில் மறுத்தார். 1941இல் அவை மனோட் மலையின் கற்பலகைச் சுரங்கத்துக்குள் போய்ச் சேர்ந்தன. டிரஃபால்கர் சதுக்கத்தில் மிஞ்சியது வெறும் சுவர்கள். அந்தக் கட்டடத்தின் மேலும் குண்டு விழுந்தது. ஓவியங்களை அகற்றியது சரிதான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் 1942 ஜனவரியில் டைம்ஸ் நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. நகரம் காயப்பட்டுக் கிடக்கும்போதுதான் அழகானவற்றைப் பார்க்கும் தேவை அதிகம் என்றது அது. கென்னத் கிளார்க் இயக்குநராக இருந்த அந்தக் கூடம் அதற்குச் செவிசாய்த்தது. மாதத்துக்கு ஒரே ஒரு ஓவியம் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு வந்தது. மார்ச்சில் வந்தது டிஷியனின் 'நோலி மே டாங்கெரே', அதாவது 'என்னைத் தொடாதே'. உயிர்த்தெழுந்த இயேசுவை நோக்கி மகதலேனா மரியாள் கை நீட்டுகிறாள். அவர் உடலை வளைத்து விலகுகிறார். நெருங்கலாம், தொட முடியாது. அந்த வருடம் அந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது.

அந்த முடிவு சரியா? குண்டு விழுந்திருந்தால் ஒரு டிஷியன் என்றென்றைக்கும் போயிருக்கும். இன்னும் பிறக்காதவர்கள் வந்து வழக்காட முடியாது. அவர்கள் சார்பில் யாராவது பேசத்தான் வேண்டும். ஆனால் அன்று அந்தப் படத்தின்முன் நின்றவர்களுக்கு நாளை என்பதே உறுதியில்லை. 'பிறகு பார்க்கலாம்' என்று அவர்களிடம் சொல்வது நியாயமல்ல. பிறக்காதவர்கள் முறையிடுவதில்லை என்பதாலேயே, எல்லாவற்றையும் அவர்கள் பெயரில் பூட்டிவிடுவது காவலர்களுக்குச் சுலபம்.

நம் ஊரில் இப்போது குண்டு இல்லை. ஆனால் வெளிச்சம் இருக்கிறது. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ண ஓவியம் வெளிச்சம் படப்பட மங்கும். மங்கியது திரும்பாது. நான் பார்ப்பதற்காக எரியும் விளக்கு, நாளை பார்க்க வருபவளின் பங்கிலிருந்து துளி எடுத்துக்கொள்கிறது. பார்ப்பதும் ஒருவகைச் செலவுதான்.

ஆகவே நண்பனுக்கு என் பதில் இது. பூட்டுவது தவறல்ல. திறக்கும் நாளைக் குறிக்காமல் பூட்டுவதுதான் தவறு. லண்டன்காரர்கள் எல்லாவற்றையும் பணயம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒளித்தும் வைக்கவில்லை. மாதம் ஒன்று என்று பங்கு பிரித்தார்கள். மக்கள் சொத்து என்றால் அதில் இருப்பவர்களுக்கும் வரப்போகிறவர்களுக்கும் பங்குண்டு.

சொன்னேன். "சரி, நம்ம பங்கு எப்போ?" என்றான். அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் வேலைதான்.