தனித்துத் திரும்புதல் தகுமோ?

விண்வெளி வீரர் மைக்கேல் காலின்ஸ் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், தமது 90ஆம் அகவையில் காலமானார். 1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் சந்திரனில் இறங்கி நடந்தபோது, கொலம்பியா என்னும் தாய்க்கலத்தில் தனித்திருந்து சந்திரனைச் சுற்றி வந்தவர் அவரே. இறங்கினோரை உலகம் நன்கறியும். காத்திருந்தவரை அறிந்தோர் சிலர். அவரை நினைவுகூரும் இவ்வேளையில், அவர் வாழ்வு எழுப்பும் அறவினா ஒன்றை அன்பர்களோடு ஆராய விழைகிறோம்.

சந்திரனில் இறங்கிய சிறுகலம் மீண்டும் மேலெழுவதற்கு இயந்திரம் ஒன்றே இருந்தது. அது பழுதுற்றால் மாற்று வழி இல்லை. கொலம்பியாவோ சந்திரனில் இறங்கும் ஆற்றல் உடையதன்று. தோழர் எழவியலாது போயின் காலின்ஸ் செய்யத்தக்கது யாது? தாம் உயிர் துறப்பதில்லை, தனியே பூமிக்குத் திரும்புவதே கடமை என்று அவர் முன்னரே உறுதி கொண்டிருந்தார். அங்ஙனம் திரும்பினால் வாழ்நாள் முழுதும் உலகம் தம்மைச் சுட்டிக்காட்டும் என்பதையும் உணர்ந்திருந்தார். இவற்றை 1974இல் வெளிவந்த தம் நூலில் மறையாது எழுதினார்.

இம்முடிவு அறமா, துரோகமா? தோழரைவிட்டு மீள்வதினும் அவரோடு மடிவதே மேன்மை என்பார் உளர். நட்பின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவர் மடிந்தால் பிழைப்போர் எவர்? இரு குடும்பங்களின் துயரோடு மூன்றாவது குடும்பத்தின் துயரும் சேரும். வேறு பயன் இல்லை. பழிக்கு அஞ்சி மடிவதினும், பழியைச் சுமந்து வாழ்ந்து கடனாற்றுதல் அரிதன்றோ?

எனினும், திரும்பும் உரிமை முயற்சி அனைத்தையும் செய்து முடித்தவர்க்கே உண்டு. காலின்ஸ் அத்தகையவர். சிறுகலம் தவறான உயரத்திலோ நேரத்திலோ எழுந்தாலும் அதனைச் சென்றடைவதற்கென 18 வகை முறைகளை ஏட்டில் குறித்துத் தம்மிடம் வைத்திருந்தார். ஒரு நாளுக்கு மேல் தனித்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் சந்திரனின் மறுபுறம் சென்றபோது, முக்கால் மணிக்கு மேல் பூமியின் குரலும் அவரை எட்டவில்லை. காண்பாரும் கேட்பாரும் இல்லாத அவ்விடத்தும் தம் பணியில் அவர் சோர்வுறவில்லை.

ஜூலை 21ஆம் நாள் அவ்வியந்திரம் பழுதின்றி இயங்கியது. தோழர் இருவரும் வந்து சேர்ந்தனர். 24ஆம் நாள் மூவரும் பூமியை அடைந்தனர். அவர் உறுதி சோதனைக்கு உள்ளாகவில்லை. ஆனால் எல்லோர்க்கும் அந்நற்பேறு வாய்ப்பதில்லை. வெள்ளத்திலும் விபத்திலும் உடன் சென்றோரை இழந்து, தாம் மட்டும் உயிர் தப்பி வந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். “நீ மட்டும் ஏன் வந்தாய்?” என்னும் கேள்வியை அவர்கள் தம் நெஞ்சினுள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பர். அக்கேள்வியை நாமும் கேளாதிருப்போமாக. அவர்கள் அருகிற் சென்று அமர்ந்து, வந்தது நன்றே என்று சொல்வோமாக. காலின்ஸை நினைவுகூர்தற்கு இதுவே தக்க வழி என்பது நம் கருத்து.