மாயக் கை

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் சித்தப்பா. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவர். அவரிடம் படித்த பையன் கதை எழுதிப் பிழைக்கிறான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

சென்ற வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. உண்மையில் கையில் ஒரு கோளாறும் இல்லை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டு, கைக்கு உத்தரவு அனுப்பும் இடம் கெட்டுப்போயிற்று. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, தபாலாபீஸ்தான் எரிந்துவிட்டது. மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும். எந்த மனிதனுக்குத்தான் அலுக்காது?

அதனால் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு நாள் ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்தாள். கண்களை மூடினாற்போல் தலையில் மாட்டும் கருவி. உள்ளே வேறோர் உலகம் தெரியும்.

"ஐயா, உள்ளே தெரிகிற கை உங்கள் கை அல்ல. உங்கள் கை ஒரு விரற்கடை அசைந்தால், அது ஒரு சாண் அசையும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

சித்தப்பா மாந்தோப்புக்குள் போனார். பழம் பழமாகப் பறித்துக் கூடையில் போட்டார். கருவியைக் கழற்றியபோது, கை மடியில் கிடந்தது. அவர் கண் கலங்கியது.

"ஏண்டா, நீ எழுதுகிற கதையும் இந்த ஜாதிதானே?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

இந்தத் தந்திரம் முற்றிலும் புதிதல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கலிபோர்னியாவில் வெறும் கண்ணாடியைக் கொண்டே இதைச் செய்தார். கையிழந்தவரின் நல்ல கையைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கை இருப்பதாகத் தோன்றச் செய்தார். இல்லாத கையில் இருந்த வலி சிலருக்குக் குறைந்தது. பக்கவாதக்காரர்கள் ஒன்பது பேரிடம் அதே கண்ணாடியைச் சோதித்த செய்தி 1999-ல் 'லான்செட்' இதழில் வந்தது.

ஆனால் மாயம் மந்திரமாகிவிடாது. 2017-ல் காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளை, 2,470 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. வழக்கமான கைப்பயிற்சிக்குப் பதிலாக இதைக் கொடுத்தால் கூடுதல் பயன் இல்லை. அதோடு சேர்த்துக் கொடுத்தால் பயன் இருக்கலாம் என்பதுதான் முடிவு.

அந்தப் 'பதிலாக' என்ற சொல்லின் பொருள் மூன்றாம் வாரம் எனக்கு விளங்கிற்று. சித்தப்பா சாதாரணப் பயிற்சி செய்ய மறுத்துவிட்டார். "அந்தக் கையைக் கொடு" என்று குழந்தைபோல் அடம் பிடித்தார். எனக்குப் பயமாக இருந்தது. நாவலில் வரும் ஏழைக்காக விம்மி அழுதுவிட்டு, வாசலில் நிற்கும் ஏழையைத் திட்டி விரட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழுத அழுகையே தருமமாகிவிட்டது அவர்களுக்கு. அவர்கள் என் வாசகர்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் கருவியை எடுத்து வைத்துவிட்டு, காலி டம்ளர் ஒன்றை எதிரே வைத்தாள். "ஐயா, இனி இதுதான் மாம்பழம்."

சித்தப்பாவுக்குக் கோபம். எனக்கும் அவள்மேல் கோபம்தான். டம்ளர் நான்கு தடவை உருண்டு விழுந்தது. ஐந்தாவது தடவை விரல்கள் அதைச் சுற்றி மடங்கின. தூக்க முடியவில்லை.

"இது நிஜம்தானே?" என்றார் சித்தப்பா.

"நிஜம்தான், சித்தப்பா."

பொய்யா மெய்யா என்பது மட்டும் கேள்வியல்ல என்று இப்போது நினைக்கிறேன். ஒளிக்காமல் சொல்லப்பட்ட பொய்யா என்பது ஒன்று. கழற்றிய பிறகு மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது மற்றொன்று. டம்ளருக்குக் கொண்டுவந்து விட்டால் அது மருந்து. தோப்பிலேயே நிறுத்திவிட்டால் அது கள்.

சித்தப்பா இன்னும் அந்த டம்ளரைத் தூக்கவில்லை. தினமும் முயல்கிறார். நானும் கதை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். புத்தகத்தை மூடிய பிறகு வாசகரின் கை எதைத் தொடப்போகிறது என்ற கேள்வி மட்டும் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை.