கிருமி இருப்பதும் நோய் இருப்பதும்

நுண்ணுயிர் உடலில் குடியிருப்பதே நோயா, அல்லது அதனால் உடலுக்கு நேரும் தீங்கே நோயா என்ற கேள்வி மருத்துவத் தத்துவத்தில் பழையது. எனினும் சிறுநீர் வடிகுழாய், அதாவது பேச்சுவழக்கில் கதீட்டர் எனப்படும் குழாய், பொருத்தப்பட்டவரின் படுக்கையருகே அது அன்றாடம் விடை கேட்கிறது. குழாய் உள்ளே சென்றபின் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 8 பேரின் சிறுநீரில் பாக்டீரியா புதிதாகக் குடியேறுகிறது; ஒரு மாதம் கடந்தால் ஏறத்தாழ எல்லோரிடமும் அது காணப்படும். கிருமிகள் தாமே சுரக்கும் பசையால் குழாயின் பரப்பில் ஒட்டி அடுக்காக வளர்வதை உயிர்ப்படலம் என்பர். மருந்தால் அதை முற்றிலும் அழிப்பது அரிது.

ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டியபின், கிருமியைக் கண்டவர் நோயையே கண்டுவிட்டார் என்ற எண்ணம் வேரூன்றியது. (காலராக் கிருமி நலமாக இருப்போரிடமும் தென்பட்டதால் நோயுற்றோரிடம் மட்டுமே கிருமி இருக்க வேண்டும் என்ற தம் விதியைக் கோக்கே தளர்த்த நேர்ந்ததைப் பின்வந்தோர் பலர் பொருட்படுத்தவில்லை.) இதற்கு மாறாக, மருத்துவமும் பயின்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் காங்கிலெம், 1943இல் அளித்த ஆய்வேட்டில், நோய் என்பது அளவுகோலில் ஏறி இறங்கும் எண் அன்று என்றும், தாம் நோயுற்றதாக மனிதர் உணர்வதாலேயே மருத்துவம் தோன்றியது என்றும் வாதிட்டார். வடிகுழாய் விஷயத்தில் இன்றைய மருத்துவம் பெரும்பாலும் இவர் பக்கமே நிற்கிறது: காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்புற வலி போன்ற அறிகுறிகள் இல்லாதபோது, சிறுநீர் கலங்கியிருந்தாலும் நாற்றமடித்தாலும், கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளர்ந்தாலும், ஆன்டிபயாடிக் தர வேண்டியதில்லை என்பதே அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டியின் நிலைப்பாடு. காரணமின்றித் தரும் மருந்து, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளையே எஞ்சவிடுகிறது. அவை அடுத்த படுக்கைக்கும் பரவக்கூடும் என்பதால், இது ஒருவரின் நலத்தோடு முடியும் கணக்கு அன்று.

ஆயினும் காங்கிலெமின் விடை ஓரிடத்தில் இடறுகிறது. தண்டுவடம் அறுபட்டவருக்கு அடிவயிற்று வலியோ எரிச்சலோ தெரியாது; உணர்வே நோய்க்குச் சான்று என்றால் அவர் ஒருபோதும் நோயுறாதவர் ஆகிவிடுவார். அவரிடத்தில் தசை இறுக்கம் கூடுவதும், திடீரென வியர்ப்பதும், இரத்த அழுத்தம் சட்டென ஏறுவதும் அறிகுறிகளாகின்றன; அவற்றைப் படிப்பவர் பெரும்பாலும் உடனிருந்து பராமரிப்பவரே. ஆகவே இங்கு துன்பத்தை உணர்பவரும் அறிபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம் என ஏற்க வேண்டியுள்ளது. கர்ப்பிணியின் நிலை இன்னும் சிக்கலானது: அவர் எதையும் உணராதபோதும், பின்னர் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதற்காகவே மருந்து தரப்படுகிறது. இன்னும் வராத தீங்கை முன்னிட்டுச் செய்யும் இந்தச் சிகிச்சைக்கு நோய் என்ற கருத்தே தேவையில்லை. இடர் என்ற கருத்தே போதும்.

நோய் என்று முடிவானபின்னும் சான்று எதனுடையது என்ற ஐயம் தொடர்கிறது. 2 வாரங்களுக்கு மேலாக உள்ளிருக்கும் குழாயை மாற்றி, புதிய குழாயிலிருந்தே சிறுநீர் மாதிரி எடுக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. பழைய குழாயின் வழி வந்த மாதிரி சிறுநீர்ப்பையைவிட உயிர்ப்படலத்தைப் பற்றியே அதிகம் சொல்லக்கூடும்.