முதுமை இளமைக்கு அறிவுரை கூறலாமா?



“மீண்டும் இருபத்திரண்டு வயது வாய்க்குமாயின், பொருளையும் பணியையும் குறித்து உங்களுக்கு நீங்களே என்ன கூறிக்கொள்வீர்கள்?” என்னும் வினாவை இக்கால இளைஞர் முதியோரிடம் அடிக்கடி எழுப்புகின்றனர். எழுபதைக் கடந்தோரிடம் இதற்கு ஆயத்தமான விடைகள் உண்டு. “அன்றே பொன் வாங்கியிருக்க வேண்டும், அன்றே ஊர்ப்புறத்தில் மனை வாங்கிப் போட்டிருக்க வேண்டும்” என்பன அவை. கேட்போரும் தலையசைத்துச் செல்வர். ஆயின் இவ்விடைகள் அறிவுரை என்னும் பெயருக்கு உரியனவா? முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் கணக்குக் கற்பித்த பழக்கத்தால், இவ்வினாவையும் ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்க விழைகிறோம்.

விளைவை அறிந்தபின் கூறுவது அறிவுரையா?

தேர்வு முடிந்தபின் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்தப் பாடத்தைப் படித்திருக்கலாமே” என்று மாணவனிடம் கூறும் ஆசிரியர் அவனுக்கு எதனையும் கற்பித்தவர் ஆகார். “அன்றே பொன் வாங்கியிருக்கலாம்” என்பதும் அத்தகையதே.

பொன்னின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் 1980ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓர் அவுன்சு பொன்னின் விலை ஏறத்தாழ 850 டாலரைத் தொட்டது. அந்நாளில் அதனை வாங்கிய ஒருவர், டாலர்க் கணக்கில் அதே விலையை மீண்டும் காண்பதற்கு 2008ஆம் ஆண்டு சனவரி வரை, அதாவது இருபத்தெட்டு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. நம் நாட்டில் பொன் விலை ஏறியதற்கு ரூபாயின் மதிப்புச் சரிந்ததும் ஒரு காரணமாகும். பொது வருங்கால வைப்பு நிதியும் அவ்வாறே. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அதற்கு, 1986 முதல் 2000ஆம் ஆண்டின் தொடக்கம் வரை 12 விழுக்காடு வட்டி கிடைத்தது. 2020 ஏப்ரலில் அது 7.1 விழுக்காடாகக் குறைந்தது. இவற்றை முன்கூட்டி அறிந்தோர் எவருமிலர். இளமை அறிய இயலாத ஒன்றை அறிந்திருக்க வேண்டுமென முதுமை கூறுவது அறிவுரை அன்று, ஆற்றாமையே ஆகும்.

ஆதலின் முதல் சோதனை இது: விளைவு என்னவாகும் என்று அறியாத நிலையிலும் சரியாக நிற்கும் சொல்லே அறிவுரை.

கூறுவோர் யார்? பயன் பெறுவோர் யார்?

இரண்டாவது ஐயம் இதனினும் நுண்ணியது. “சேமித்து வை” என்று இளமைக்கு முதுமை கூறும்போது, அச்சேமிப்பைத் துய்க்கப் போகிறவர் யார்? கூறுகின்ற முதுமையே அன்றோ? தன் வழக்கில் தானே நடுவராக அமர்வது எங்ஙனம் பொருந்தும்?

இருவரும் ஒருவரே என்று சிலர் கூறலாம். பொற்குடத்தை உருக்கி முடி செய்தால் குடம் அழிந்தது, முடி தோன்றியது, பொன் நிலைத்தது என்று நம் பெரியோர் காட்டும் உவமையை யாவரும் அறிவோம். உயிர் ஒன்றே, அதன் பரியாயங்கள் வேறு. இருபத்திரண்டு வயது நங்கைக்கும் எழுபது வயது மூதாட்டிக்கும் உயிர் ஒன்றாயினும், தேவைகள் ஒன்றல்ல, கடமைகளும் ஒன்றல்ல.

1970களின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற பெண்கள் பலர், முதல் மாத ஊதியத்தை அப்படியே இல்லத்தில் கொடுத்தவர்கள். நாமும் அவருள் ஒருவர். தம்பியின் பள்ளிக் கட்டணம், தங்கையின் திருமணம், தந்தையாரின் மருத்துவச் செலவு என்று அப்பணம் சென்றது. இப்போது கூட்டுவட்டிக் கணக்கை எடுத்துவைத்து, “தம்பிக்குக் கட்டிய அந்த நூறு ரூபாயை எட்டு விழுக்காட்டில் போட்டிருந்தால் முப்பத்தாறு ஆண்டுகளில் ஆயிரத்து அறுநூறு ஆகியிருக்கும்” என்று கூறலாம். கணக்கு சரியே. ஆயின் அந்தக் கணக்கில் தம்பி பெற்ற கல்வி எந்த வரவுப் பத்தியிலும் ஏறவில்லை. எழுதாமல் விட்ட வரவு இல்லாத வரவு ஆகிவிடாது.

அதற்காக, முழுவதும் கொடுத்துவிடுதலே அறம் என்று முடிவு கட்டுவதும் ஏற்புடைத்தன்று. ஊதியம் வந்த நாளில் இல்லத்தில் உள்ளோர் அனைவரும் தத்தம் தேவையைக் கூறுகின்றனர். பேச வாயில்லாதவர் ஒருவர் மட்டும் அங்கே உண்டு. அவர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் முதியவர். அவருக்கென ஒன்றும் வைக்காது போயின், அவரைத் தாங்கும் சுமை அதே தம்பியின் மக்கள் தோளில் விழும். இன்று நாம் செய்யும் ஈகையின் விலையை, கேட்கப்படாமலே பிறர் செலுத்த நேரிடும்.

ஆகவே முதுமை இளமையிடம் கேட்கத் தக்கது முழுவதும் அன்று, ஒரு பங்கே. இரண்டாவது சோதனையும் இதிலிருந்தே பிறக்கிறது: நமக்குப் பயன் ஏதும் இல்லாதபோதும், பிறர் மகளுக்கும் இதனையே கூறுவோமா? கூறுவோமாயின் அது நடுநிலை உடையது.

இவ்விரு சோதனைகளிலும் தேறும் உரைகள் சிலவே. அவற்றுள் நான்கினை இங்குக் கூறுவோம்.

முதலாவது: பங்கு சிறிதாயினும் முதல் மாதத்திலேயே பிரித்து வைக்க

72 என்னும் எண்ணை வட்டி விழுக்காட்டால் வகுத்தால், முதல் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகுமென்பது ஏறத்தாழக் கிடைக்கும். இத்தாலியக் கணித ஆசிரியர் லூக்கா பாச்சோலி 1494இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வழி காணப்படுகிறது. எட்டு விழுக்காட்டில் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பணம் இரட்டிக்கும்; முப்பத்தாறு ஆண்டுகளில் பதினாறு மடங்காகும். ஒன்பது ஆண்டுகள் தாமதித்துத் தொடங்கினால் எட்டு மடங்கே. தாமதத்தின் விலை சரிபாதி!

எனினும் இதனைக் கண்டு மயங்குதல் கூடாது. அதே வாய்பாடு விலைவாசிக்கும் பொருந்தும். விலைகள் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறுமாயின் பன்னிரண்டு ஆண்டுகளில் இரட்டிக்கும்; முப்பத்தாறு ஆண்டுகளில் எட்டு மடங்காகும். அப்போது ஆயிரத்து அறுநூறு ரூபாய் வாங்குவது, தொடக்கத்தில் இருநூறு ரூபாய் வாங்கியதையே. சேமிப்பு செல்வரை ஆக்குவதைவிட, வறியவர் ஆகாமல் காப்பதே மிகுதி. அதுவே போதுமன்றோ?

இரண்டாவது: உரியது உரியவர் பெயரில் இருக்க

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணராகிய நமக்கும் பொருந்துவது. பெண்ணுக்கு உரிய சொத்து அவளுக்கே முழு உரிமையுடையது என்பதை அச்சட்டம் நிறுவியது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியது. நாடு முழுவதற்கும் 2005இல் அது வந்தது. சட்டம் வந்தபின்னும், உழவு வழி வந்த நம் குடும்பங்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெண்கள் கையெழுத்திட்டு விலகும் வழக்கம் முற்றும் மறைந்ததாகத் தோன்றவில்லை. விரும்பி விட்டுக்கொடுப்பது ஈகை. படித்துப் பாராமல் கையெழுத்திடுவது ஈகை அன்று. வங்கிக் கணக்கு, காப்பீடு, வாரிசு நியமனம் ஆகியவற்றைத் தாமே படித்தறிதல் வேண்டும். பணியில் உள்ளோர் தம் பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்து, விடுபட்ட பதிவுகளை அவ்வப்போதே சேர்ப்பித்தல் வேண்டும். ஓய்வு பெறும் ஆண்டில் அவற்றைத் தேடி அலைவது பெருந்துயர்.

மூன்றாவது: மிகை வட்டியை ஐயுறுக

1990களில் தமிழ்நாட்டின் நகரங்களில் நிதி நிறுவனங்கள் பல 24, 36 விழுக்காடு என வட்டி கூறி வைப்புத் தொகை திரட்டின. அவற்றுட் பல வீழ்ந்தன. முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நம்முடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், ஓய்வூதியப் பணிக்கொடை முழுவதையும் அத்தகைய நிறுவனம் ஒன்றில் இட்டார். ஆறு மாதம் வட்டி வந்தது. அதன்பின் நிறுவனமே இல்லை. அவர் பேராசைக்காரர் அல்லர். மகளின் திருமணத்திற்கு இன்னும் சிறிது தேவைப்பட்டது, அவ்வளவே.

36 விழுக்காடு என்றால் ஈராண்டில் முதல் இரட்டிக்க வேண்டும். எவரையும் வருத்தாமல் ஈராண்டில் முதலை இரட்டிக்கும் நேர்மையான தொழில் எது? இவ்வினாவைக் கேட்டிருந்தால் விளைவை முன்னறியாமலே விலகியிருக்கலாம். மிகை வட்டியின் மறுமுனையில் அதனைச் செலுத்த இயலாது வாடும் ஒரு குடும்பமோ, பின்னால் வந்தவரின் முதலோ இருக்கும். பிறர்க்கு ஊறு செய்யும் வருவாய் நமக்கும் ஊறே என்பதை இங்குப் பொருள்நூலும் அறநூலும் ஒருங்கே கூறுகின்றன. வங்கி வைப்புக்கும் காப்பு அளவிறந்ததன்று. 1962இல் 1,500 ரூபாயாகத் தொடங்கிய வைப்பீட்டுக் காப்பீடு, 1993இல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் என உயர்ந்தது. எல்லையை அறிந்து பிரித்து வைப்பது அறிவுடைமை.

நான்காவது: பணியில் கற்றலை நிறுத்தற்க

மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, இடைநிலை ஆசிரியையர் பலர் அடுக்களை வேலை முடிந்தபின் விளக்கடியில் அமர்ந்து பட்டம் பெற்றனர். பதவி உயர்வு வந்தபோது, வெளியூர் செல்ல இயலாதென்று “வேண்டாம்” என எழுதிக் கொடுத்தவர்களும் பலர். இவ்விரண்டில் எது சரி என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஓய்வூதியம் இறுதி ஊதியத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டமையால், அந்த ஒரு வரியின் விளைவு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. எழுதுவதாயின் அதனை அறிந்து எழுதுக. கையெழுத்து நம்முடையது ஆயின் முடிவும் நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

எம் தலைமுறையினர்க்கு ஓய்வூதியம் என்னும் ஊன்றுகோல் இருந்தது. 2003 ஏப்ரல் முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். “அரசுப் பணி கிடைத்தால் முதுமைக்குக் கவலையில்லை” என்று 1972இல் கூறியது மெய். அதனையே ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒப்பித்தல் பொருந்தாது. காலத்தோடு மாறும் உரை எது, மாறாத உரை எது எனப் பிரித்தறியவும் மேற்கூறிய சோதனைகள் துணைசெய்யும்.

சொல்லாமல் விடப்படும் மேலெல்லை

பொருள் பற்றி அறிவுரை கூறுவோர் யாவரும் கீழெல்லையையே கூறுகின்றனர்: “இவ்வளவேனும் சேர்த்துக்கொள்.” “இவ்வளவோடு நிறுத்திக்கொள்” என்போர் அரியர். இல்லறத்தார்க்குரிய ஐந்தாம் அணுவிரதமாகிய மிகுபொருள் விரும்பாமை அதனைக் கூறுகிறது. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், பாத்திரம் என வகைவகையாக அளவு வரையறுக்கும் அம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. எல்லையைப் பணத்தில் மட்டும் வகுத்தால், எட்டு மடங்கு ஏறும் விலைவாசி அதனை உடைத்துவிடும். மீறியதற்கு அதுவே சாக்காகவும் அமையும். தேவையில் வகுத்த எல்லை நிற்கும்.

இவ்வெல்லையை இளமையிலேயே வகுத்தல் எளிது. கையில் ஒன்றும் இல்லாதபோது “இவ்வளவு போதும்” என்று நேர்மையாகக் கூற இயலும். சேர்ந்தபின் கூறப் புகுந்தால், சேர்ந்தது எவ்வளவோ அதற்குச் சற்று மேலேயே கோடு விழும். மேலெல்லை உடையவர்க்கே தம்பியின் கட்டணமும் முதியவரின் பங்கும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்கும்.

முதியோர்களே! இளையோர் கேட்கும்போது பொன் விலையையும் மனை விலையையும் கூறிப் பெருமூச்செறியற்க. அவர்கள் அறியக் கூடியதை மட்டும் கூறுக. இளையோர்களே! ஊதிய நாளில் உங்கள் இல்லத்தில் பேசுவோர் அனைவருக்கும் செவி கொடுங்கள். பேசாத அந்த முதியவருக்கும் ஒரு பங்கு வையுங்கள். அவர் மிகுதி கேட்கமாட்டார்.

அறம் வளர்க!