மதிப்பெண்ணா? மனச்சான்றா?

கட்டுரை என்றால் என்ன? எந்த வகுப்பறையிலும் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "முன்னுரை, பொருளுரை, முடிவுரை" என்று பிள்ளைகள் ஒரே குரலில் முழங்குவர். நடுவிலே நான்கு உள்தலைப்புகள், இரண்டு குறட்பாக்கள், பெரியோர் பொன்மொழி ஒன்று. இவ்வளவும் அமைந்துவிட்டால் கட்டுரை முழுமை பெற்றுவிட்டதாம்! எழுதியவனின் எண்ணம் எங்கே? அதற்கு மட்டும் இடம் ஒதுக்கப்படவில்லை.

பேரையூர்ப் பகுதியிலே, மேற்கே சாப்டூர் மலை தெரிய, வானம் பார்த்த கரிசல் நிலத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். பருத்திக் காட்டிலே தாயோடு குனிந்து நிமிர்ந்த கைகள் என் முன்னே எழுதுகோல் பிடிக்கின்றன. அந்தக் கைகள் எதை எழுதுகின்றன, எவருக்காக எழுதுகின்றன என்னும் கேள்வி அண்மையிலே என்னைச் சுட்டது. சுட்டது பிறர் பிழையன்று, என் பிழை. ஆகவேதான் அதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"மூடநம்பிக்கைகளை ஒழிப்போம்" என்று தலைப்புக் கொடுத்தேன். மாணவன் ஒருவன் நான்கு பக்கம் தீட்டியிருந்தான். சாக்ரட்டீசு வந்தார், தந்தை பெரியார் வந்தார், மடமை இருள் ஓடிற்று, பகுத்தறிவுக் கதிரவன் எழுந்தான். இருபதுக்குப் பத்தொன்பது போட்டேன். வகுப்பிலே எழுந்து நின்று படிக்கவும் சொன்னேன்.

மாணவி ஒருத்தி அரைப் பக்கமே எழுதியிருந்தாள். உள்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை. தன் தாய்க்குக் காய்ச்சல் கண்டது என்றும், வீட்டார் அம்மனுக்கு நேர்ந்துகொண்டனர் என்றும், அன்றே அரசு மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றனர் என்றும், ஐந்தாம் நாள் தாய் எழுந்து நடந்தாள் என்றும் எழுதியிருந்தாள். பிறகு இப்படி முடித்திருந்தாள்: "எதனால் குணமாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சாமியால் என்கிறாள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் செய்து பார்த்தால் தெரியும். ஆனால் எனக்கு அம்மா ஒருத்திதான்."

"கருத்தில் தெளிவில்லை" என்று சிவப்பு மையால் எழுதி, ஒன்பது மதிப்பெண் போட்டேன்.

மறுநாள், பத்தொன்பது வாங்கிய மாணவனின் மணிக்கட்டிலே புதிதாகக் கட்டிய கறுப்புக் கயிற்றைக் கண்டேன். "என்ன தம்பி இது?" என்றேன். அவன் ஒளிக்கவில்லை, நாணவும் இல்லை. "பரீட்சைக்குக் கட்டினது ஐயா. நீங்க பெரியார் கட்சின்னு எல்லாருக்கும் தெரியும். அதான் கட்டுரையை அப்படி எழுதினேன்" என்றான்.

தோழர்களே! எண்ணிப் பாருங்கள். கோயில் அறங்காவலர் ஒருவர் அவனுக்கு ஆசிரியராக வாய்த்திருந்தால் அதே எழுதுகோல் அம்மன் அருளைப் பாடியிருக்கும். அங்கும் பத்தொன்பது விழுந்திருக்கும். நான் அவனுக்குப் பகுத்தறிவைக் கற்பிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து எழுதக் கற்பித்தேன். அவளோ தான் கண்டதைக் கண்டபடி எழுதினாள். தெரியாததைத் தெரியாது என்றாள். தெரிந்துகொள்ளும் வழி எதுவென்றும் சொன்னாள். அவ்வழியில் ஏன் செல்ல முடியாது என்றும் சொன்னாள். ஆய்வுக்கூடத்திலே அறிஞர்கள் கைக்கொள்ளும் முறையின் வித்து அந்த அரைப் பக்கத்தில் இருந்தது. அதைத்தான் தெளிவில்லை என்று கழித்தேன்!

ஆசிரியனுக்குப் பிடித்த உண்மையை நம்பாமல் எழுதுகிறவன் மேலானவனா? பிடிக்காத ஐயத்தை நேர்மையோடு எழுதுகிறவள் மேலானவளா? இதுதான் என் முன் நின்ற அறக்கேள்வி. விடை தேடி, முற்காலத்து மாணவர்கள் எழுதிய சில கட்டுரைகளின் வரலாற்றைப் புரட்டினேன்.

1785-ஆம் ஆண்டு. இங்கிலாந்திலே கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம். துணைவேந்தர் பீட்டர் பெக்கார்டு இலத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு பொருளை அறிவித்தார்: விருப்பமில்லாத மக்களை அடிமைகளாக்குவது முறையாகுமா? தாமசு கிளார்க்சன் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் போட்டியில் இறங்கினார். அடிமைகளின்பால் இரக்கம் கொண்டா இறங்கினார்? இல்லை, பரிசின்மேல் கொண்ட ஆசையால். அதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் சான்றுகளைத் தேடிப் படிக்கப் படிக்க அவர் நெஞ்சம் கலங்கிற்று. இரவிலே எழும் எண்ணங்களைக் குறித்துக்கொள்ள, படுக்கையறையில் மெழுகுவத்தி எரியவிட்டே உறங்கினார். பரிசும் கிடைத்தது. இலண்டனுக்குக் குதிரையில் செல்லும் வழியிலே, வேட்சுமில் என்னும் ஊரருகே இறங்கி அமர்ந்தார். எழுதியது உண்மையென்றால், இக்கொடுமைக்கு எவரேனும் முடிவுகட்டியாக வேண்டுமே என்னும் எண்ணம் அங்கே அவரைப் பற்றியது. பிறகு துறைமுகம் துறைமுகமாக அலைந்து சான்று திரட்டினார். அடிமைகளைப் பூட்டும் விலங்குகளைக் கடையில் விலை கொடுத்து வாங்கி மக்கள் முன் வைத்தார். 1807-இல் பிரிட்டன் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. 1833-இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. உழைத்தவர் பலர், அடிமைகளே செய்த கிளர்ச்சிகளும் உண்டு. எனினும் அந்தப் பெரும்பணியிலே ஒரு மாணவனின் கட்டுரைக்கும் இடம் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெக்கார்டு கொடுத்தது கேள்வி. நான் கொடுத்தது கட்டளை! "ஒழிப்போம்" என்று தலைப்பிலேயே விடையை வைத்துவிட்டு, பிள்ளைகள் சிந்திக்கவில்லையே என்று குறைப்படுவது எந்த வகையில் நேர்மை?

நம் நாட்டிற்கு வருவோம். 1855-ஆம் ஆண்டு, ஞானோதயா என்னும் மராத்தி இதழிலே இரு பகுதிகளாக ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவள் முக்தா சால்வே, வயது பதினான்கு, தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மாங்கு சாதியில் பிறந்தவள், பூனாவில் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் நடத்திய பள்ளியின் மாணவி. மாங்கு, மகர் மக்களின் துயரங்களைப் பற்றியது அக்கட்டுரை. பேசுவாக்கள் ஆட்சியில் தன் மக்களைக் கட்டடங்களின் அடித்தளத்தில் இட்டுப் புதைத்த கொடுமையை அவள் எழுதினாள். உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னே நடந்து சென்ற குற்றத்திற்குத் தலையை வெட்டிப் பந்தாடியதை எழுதினாள். கூரையில்லாத இடத்திலே பிள்ளை பெறும் பெண்களின் வேதனையை எழுதினாள். வேதம் பார்ப்பனர்க்கே உரியதென்றால் எங்களுக்கு வேதமில்லை, மதமுமில்லை என்றாயிற்றே. எங்கள் மதம் எதுவென்று கூறுவாயாக என்று கடவுளையே கேட்டாள்.

கடவுளிடம் கேட்டாள் என்பதைக் கண்டு, பகுத்தறிவாளர் ஆகிய நாம் அவளுக்கு மதிப்பெண் குறைப்போமா? நாத்திகம் பேசவில்லையே என்று சிவப்புக் கோடு இழுப்போமா? அவள் கேட்ட கேள்வியை அதற்கு முன் கேட்கத் துணிந்த ஏடு எத்தனை? முடிவு நமக்கு ஒத்ததா என்பதன்று அளவுகோல். கேள்வி அவளுக்குச் சொந்தமானதா என்பதே அளவுகோல். ஆசிரியர் கதவைத் திறந்தனர், நடந்தவள் அவள்.

அறிவியலிலும் இதே நெறிதான். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி. வி. இராமன், ஒளி மிகச் சாய்வாக விழும்போது தோன்றும் பட்டைகள் இருபுறமும் ஒத்திராமல் வேறுபடுவதைக் கண்டார். ஒத்திருக்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கண்டதை ஆராய்ந்து எழுதினார். 1906-ஆம் ஆண்டு, பதினெட்டாம் வயதில், இலண்டனிலிருந்து வந்த பிலாசபிகல் மேகசீன் இதழில் அது வெளிவந்தது. ஒழுங்கு கலைந்த இடத்தை மறைக்காமல் எழுதுவதே அறிவியலின் முதற்பாடம். எங்கள் பள்ளி மாணவியும் அதைத்தானே செய்தாள்?

1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே, மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் கட்டுரை படித்தார். அவர்தாம் அண்ணல் அம்பேத்கர். பொருள், இந்தியாவில் சாதிகள். தன் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமே சாதியின் உயிர்நிலை என்றார். உடன்கட்டை, விதவைக் கொடுமை, சிறுமியர் மணம் ஆகியவை அந்த வேலி சாயாமல் காக்க எழுந்தவை என்று காரணம் காட்டினார். மனுவின்மேல் அவருக்கிருந்த சினம் உலகறிந்தது. அப்படியிருந்தும், மனு ஒருவனே சாதியைப் படைத்தான் என்னும் எளிய விடையை அவர் ஏற்கவில்லை. சான்று அதற்கு இடம் தரவில்லை என்றார். தம் கருத்துத் தவறென்று காட்டப்பட்டால் அதைக் கைவிடவும் ஆயத்தம் என்று சொல்லி முடித்தார். சாதியின் கொடுமையை உடலால் அறிந்தவர், அதைப் பற்றி எழுதும்போதும் தம் வெறுப்பை உண்மைக்கு மேலே வைக்கவில்லை. இதுவன்றோ பகுத்தறிவு!

இலக்கிய எழுத்திலும் சான்று உண்டு. 1942 ஆகஸ்டு 10-ஆம் நாள், திருவாரூரிலே பதினெட்டு வயது இளைஞர் 'முரசொலி' என்னும் துண்டு வெளியீட்டைத் தொடங்கினார். அவர் கலைஞர். அதற்கு முன்பே மாணவராக இருந்து கையெழுத்து ஏடு நடத்தியவர். அவற்றுக்கு எந்த ஆசிரியரும் தலைப்புக் கொடுக்கவில்லை. எந்தத் தேர்வும் மதிப்பெண் தரவில்லை. சொல்ல நெஞ்சில் ஒன்று இருந்தது, அது எழுத்தாயிற்று.

"இவையெல்லாம் பெரியோர் கதை. ஏழைப் பிள்ளைகள் தேறி வேலைக்குப் போக வேண்டாமா? மனச்சான்றை எழுதச் சொல்லி மதிப்பெண்ணைப் பறிப்பீரோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மதிப்பெண் எங்கள் பிள்ளைகளுக்கு அணிகலன் அன்று, ஊன்றுகோல். அதை இகழ்வது வயிறு நிறைந்தவன் பேச்சு. உள்தலைப்பு இடவும், பிழையின்றி எழுதவும் கட்டாயம் கற்பிப்பேன். பிறர் நடையைப் பார்த்துப் பழகித்தான் தம் நடை வரும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நடை பழக்குவது வேறு. நாவை வாடகைக்கு விடப் பழக்குவது வேறு.

"உள்ளத்தின் நேர்மையை எந்தக் கோலால் அளப்பீர்?" என்றும் கேட்கலாம். அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. கயிறு கட்டியிருக்கிறானா என்று மணிக்கட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவது, பூணூலைப் பார்த்துக் கல்வி கொடுத்த கொடுமையின் தம்பியே. ஆனால் ஒன்று செய்யலாம். விடையை உள்ளே வைக்காத கேள்வியைக் கொடுக்கலாம். காரணத்துக்கும் சான்றுக்கும் மதிப்பெண் கொடுக்கலாம். முடிவு எனக்கு இனிக்கிறதா கசக்கிறதா என்பதற்கு மதிப்பெண் கொடுக்காமல் இருக்கலாம்.

தோழர்களே, இது பள்ளியோடு முடிகிற செய்தியன்று. செப்டம்பர் 17 வந்தால் ஊர்தோறும் பெரியார் பிறந்தநாள் கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். பரிசு பெறும் கட்டுரையிலே எழுதியவனின் கேள்வி ஒன்றேனும் உண்டா என்று பார்க்கிறோமா? நான் சொல்வதால் ஏற்காதீர்கள், உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மேடைதோறும் சொன்னவர் அந்தக் கிழவர். அவர் பெயராலேயே மனப்பாடம் வளர்த்தால், சுலோகத்தை நீக்கிவிட்டு அதன் இருக்கையில் வேறொரு சுலோகத்தை அமர்த்தியவர்கள் ஆவோம். நம்பாமல் முழங்குகிறவன், காற்று மாறியதும் எதிர் அணியிலே நின்று அதே குரலில் முழங்குவான். ஐயுற்று, ஆராய்ந்து, மெல்ல வந்து சேர்கிறவளை எந்தக் காற்றும் அசைக்காது.

நான் அம்மாணவியை வகுப்பின் முன்னே அழைத்து, "உன் கட்டுரையை மதிப்பிட்டதில் தவறியவன் நான்" என்று சொன்னேன். அவள் குனிந்த தலையோடு நின்றாள். கயிறு கட்டிய மாணவனை ஏசவில்லை; அவன் செய்தது நான் கற்பித்ததைத்தான். கயிற்றை அவிழ்க்கவும் சொல்லவில்லை. அவிழ்க்க வேண்டுமென்றால் அவன் அறிவு அவிழ்க்கட்டும்.

பிறகு கரும்பலகையிலே புதிய தலைப்பு எழுதினேன்: "நீங்கள் நம்பும் ஒன்றைக் கூறுக. அதை ஏன் நம்புகிறீர்கள்? எது தெரியவந்தால் அதைக் கைவிடுவீர்கள்?"

வகுப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தது. பிறகு அந்த மாணவன் எழுந்து, "ஐயா, நீங்களும் இதை எழுதுவீங்களா?" என்று கேட்டான்.

எழுத வேண்டும், தோழர்களே. நானும் எழுத வேண்டும். நீங்களும் எழுத வேண்டும்.